வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா? எதையும் மாற்றுவதற்கு முன் சத்தத்தைக் கேளுங்கள்

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் பெரும்பாலும் நடப்பது இதுதான். சாவியைத் திரும்பத் திரும்ப முறுக்கி, பேட்டரியில் மிச்சமிருந்த சார்ஜையும் தீர்த்துவிட்டு, அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று புது பேட்டரி வாங்கிப் போடுவார்கள். அதற்குப் பிறகும் வண்டி அப்படியே நிற்கும். அடுத்து செல்ஃப் மோட்டார், அதற்கடுத்து பெட்ரோல் பம்ப் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். கடைசியில் பார்த்தால் டெர்மினலில் ஒரு நட்டு லூஸாக இருந்திருக்கும்.

இன்ஜின் ஓடுவதற்குத் தேவையானவை கொஞ்சம்தான். முதலில் செல்ஃப் மோட்டார் அதைச் சுற்ற வேண்டும். சுற்றும்போது எரிபொருளும் காற்றும் உள்ளே வர வேண்டும், பிஸ்டன் அதை நன்றாக அழுத்த வேண்டும், சரியான நேரத்தில் பிளக் தீப்பொறி விட வேண்டும். டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது, அழுத்தத்தில் உண்டாகும் சூடே பற்றவைத்துவிடும். எந்தப் பழுதாக இருந்தாலும் இவற்றில் ஏதோ ஒன்று வராததுதான் காரணம், எது வரவில்லை என்பதை வண்டியே பாதி சொல்லிவிடும். அதனால் முதலில் காது, அப்புறம் கண், அப்புறம் மீட்டர், கடைசியில்தான் ஸ்பேனர்.

சாவியைத் தொடக்கூடாத நேரங்கள்

வண்டி வெள்ளத்தில் நின்றிருந்தாலோ, ஆழமான தண்ணீரில் போகும்போது நின்றுவிட்டாலோ தயவுசெய்து செல்ஃப் அடிக்காதீர்கள். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருக்கும்போது இன்ஜினைச் சுற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், சில ஆயிரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை முழு இன்ஜின் வேலையாகிவிடும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். நனைந்திருந்தால் பிளக்குகளை எல்லாம் கழற்றி, தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் இன்ஜினைச் சுற்ற வேண்டும். அதை மெக்கானிக் செய்வதே நல்லது, டோ செய்து அனுப்பிவிடுங்கள்.

பெட்ரோல் வண்டியில் டீசலையோ, டீசல் வண்டியில் பெட்ரோலையோ மாற்றி நிரப்பிவிட்டாலும் இதே கதைதான். பல வண்டிகளில் சாவியை ஆன் நிலைக்குத் திருப்பினாலே பம்ப் ஓட ஆரம்பித்து, தவறான எரிபொருளை டேங்கிலிருந்து லைனுக்கு அனுப்பிவிடும். டேங்கை காலி செய்யும்வரை சாவி பக்கமே போக வேண்டாம்.

மற்றபடி பொதுவான எச்சரிக்கைகள்: ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வையுங்கள், ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிடாதீர்கள், புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளை வீழ்த்தும். மோதிரம், உலோக வாட்ச் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள், பேட்டரியின் பாசிட்டிவுக்கும் பாடிக்கும் நடுவே மோதிரம் மாட்டினால் விரல் வெந்துவிடும். பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியாகும், அதனால் பக்கத்தில் நெருப்பு கூடாது.

ஒரே ஒரு முறை சாவியைத் திருப்பிக் கேளுங்கள்

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, கண்ணாடியை இறக்கி, ரேடியோவையும் ஏசியையும் அணைத்துவிட்டு ஒரு முறை ஸ்டார்ட் செய்யுங்கள். இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்: என்ன சத்தம் வருகிறது, அந்த நேரத்தில் லைட் என்ன ஆகிறது.

லைட்டே எரியவில்லை, டேஷ்போர்டும் இருட்டு என்றால் பேட்டரி முழுசாக இறங்கியிருக்கிறது, இல்லையென்றால் டெர்மினலோ மெயின் பியூஸோ போயிருக்கிறது. "டிக் டிக் டிக்" என்று வேகமாகச் சத்தம் வந்து லைட் மங்கி மங்கித் துடித்தால் கரண்ட் போதவில்லை என்று அர்த்தம். "டக்" என்று ஒரே ஒரு தட்டல் வந்து அப்புறம் அமைதியாகிவிட்டால் செல்ஃப் மோட்டாரில் கோளாறு, அல்லது அதற்குப் போகும் கனமான வயரில், அரிதாக இன்ஜினே இறுகிப்போயிருக்கிறது. லைட் கொஞ்சமும் மங்காமல் பிரகாசமாக எரிகிறது, சத்தமும் இல்லை என்றால், செல்ஃபுக்குக் கட்டளையே போகவில்லை. இங்கே பேட்டரியை மாற்றினால் பணம்தான் வீண்.

இன்ஜின் வழக்கம்போல நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை என்றால் பேட்டரி, செல்ஃப் இரண்டையும் மறந்துவிடலாம். கீழே உள்ள இரண்டாவது பாதிக்குப் போங்கள். வழக்கத்தைவிட வேகமாக, எந்தத் தடையும் இல்லாமல் "விர்ர்" என்று லேசாகச் சுற்றினால் உடனே நிறுத்துங்கள், டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம், அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

ஒரு முறைக்கு 10 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். அடுத்த முறைக்கு முன் குறைந்தது அரை நிமிடம் விடுங்கள். பெட்ரோல் காரின் செல்ஃப் மோட்டாரே 100 முதல் 200 ஆம்பியர் வரை இழுக்கும், தொடர்ந்து அடித்தால் உள்ளே வைண்டிங் கருகிவிடும்.

செல்ஃப் எடுக்கவில்லை

"லைட் எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, அதனால் பேட்டரி நல்லது" என்ற பேச்சை நம்பவே நம்பாதீர்கள். 55 வாட் ஹெட்லைட் பல்பு இழுப்பது 5 ஆம்பியர்கூட இல்லை. செல்ஃப் கேட்பது அதைவிடப் பல மடங்கு. பாதி இறங்கிய பேட்டரி லைட்டை அழகாக எரியவிடும், செல்ஃப் என்றதும் படுத்துவிடும்.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருந்தால் போதும். வண்டி ஓடி நின்ற உடனே அளந்தால் மீட்டர் கூடுதலாகக் காட்டும், அதனால் ஹெட்லைட்டை ஒரு நிமிடம் எரியவிட்டு அணைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து அளவெடுங்கள். 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதிதான். 12-க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து, மீட்டரைப் பார்த்துக்கொண்டே இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நன்றாக சார்ஜ் உள்ள பேட்டரி செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது. 12.5 காட்டிய பேட்டரி செல்ஃப் அடித்ததும் 7-க்கு விழுந்தால் அதன் ஆயுள் முடிந்தது. 12.5-லிருந்து அசையவே இல்லை, செல்ஃபும் எடுக்கவில்லை என்றால் கோளாறு வேறெங்கோ.

இப்போது டெர்மினல். இதை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் புது பேட்டரி வாங்க வைக்கும் பழுதுகளில் இதுதான் முக்கியமான ஒன்று. வெள்ளையாகவோ பச்சை நீலமாகவோ பூத்திருந்தால் எல்லோருக்கும் கண்ணில் படும். கண்ணில் படாத வகை ஒன்று இருக்கிறது. மேலே பார்த்தால் பளபளவென்று இருக்கும், கிளாம்பைக் கழற்றிப் பார்த்தால் அதன் உள்பக்கத்திலும் ஈயக் கம்பத்தின் மேலும் மங்கலான சாம்பல் படலம் ஒன்று படிந்திருக்கும், அது கரண்டை மறித்துவிடும். கழற்றாமலே இதைக் கண்டுபிடிக்கலாம். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் கம்பத்தின் நடுவிலேயே அழுத்துங்கள், இன்னொரு முனையை அதே கம்பத்தைப் பிடித்திருக்கும் கிளாம்பின் மேல் வையுங்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன, ஆகவே பூஜ்யம் காட்ட வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 0.1-க்குள் இருந்தால் சரி. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று ஏறினால் அந்த இடைவெளியில்தான் உங்கள் கரண்ட் தொலைகிறது. இதே மாதிரி நெகட்டிவ் கம்பத்துக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே அளந்து பாருங்கள், 0.2, 0.3-க்கு மேல் போனால் எர்த் வயர் சரியில்லை. பாசிட்டிவ் கம்பத்திலிருந்து செல்ஃப் மோட்டாரின் கனமான டெர்மினல் வரை 0.5-க்குள் இருக்க வேண்டும்.

சுத்தம் செய்யும்போது நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது கடைசியில் மாட்டுங்கள். இந்த வரிசையில் போனால் ஸ்பேனர் தவறிப் பாடியில் பட்டாலும் ஷார்ட் ஆகாது. பூத்திருப்பதை சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, கம்பி பிரஷ்ஷால் உலோகம் தெரியும்வரை தேய்த்து, காய்ந்ததும் இறுக்கி மாட்டி, மேலே லேசாக கிரீஸ் தடவுங்கள். மாட்டிய கிளாம்பைக் கையால் திருகினால் அசையவே கூடாது.

பேட்டரி இறங்கியதுதான் பிரச்சினை என்று தெரிந்தால் இன்னொரு வண்டியிலிருந்து ஜம்பர் கேபிள் போடலாம். இரண்டும் ஒரே வோல்ட்டாக இருக்க வேண்டும், 24 வோல்ட் லாரியிலிருந்து 12 வோல்ட் காருக்குப் போடக்கூடாது. வண்டிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கக்கூடாது. இதில் வரிசை முக்கியம்:

1. சிவப்பு கேபிளின் ஒரு முனை, இறங்கிய பேட்டரியின் பாசிட்டிவில்.
2. சிவப்பின் மறுமுனை, நல்ல பேட்டரியின் பாசிட்டிவில்.
3. கறுப்பின் ஒரு முனை, நல்ல பேட்டரியின் நெகட்டிவில்.
4. கறுப்பின் மறுமுனை, ஸ்டார்ட் ஆகாத வண்டியின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியில், பேட்டரியிலிருந்து தள்ளி.

கடைசி இணைப்பில் பொறி பறக்கும், அது ஹைட்ரஜன் வெளியாகும் பேட்டரியின் மேல் பறக்கக்கூடாது என்பதற்காகத்தான் நான்காவது படி. நல்ல வண்டியை நாலைந்து நிமிடம் ஓடவிட்டு அப்புறம் ஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்டார்ட் ஆனதும் இதே வரிசையைத் தலைகீழாக்கிக் கழற்றுங்கள். பேட்டரி உப்பியிருந்தாலோ, வெடித்திருந்தாலோ, உறைந்திருந்தாலோ ஜம்பர் போடவே வேண்டாம்.

தள்ளி ஸ்டார்ட் செய்வது மேனுவல் கியர் வண்டிக்கு மட்டும்தான். சாவி ஆனில், இரண்டாவது கியரில், கிளட்சை மிதித்துக்கொண்டு, வேகம் வந்ததும் கிளட்சை விட வேண்டும். இன்ஜின் ஓடாதபோது பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல் மாதிரி இருக்கும், இறக்கத்தில் கவனம். பேட்டரி அறவே இறங்கியிருந்தால், கம்ப்யூட்டர் அளந்து எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் வண்டி தள்ளினாலும் பற்றாது, பம்புக்கும் கம்ப்யூட்டருக்கும் கொஞ்சமாவது கரண்ட் வேண்டும்.

சரி, பேட்டரியும் டெர்மினலும் நன்றாக இருக்கின்றன, செல்ஃப் மட்டும் எடுக்கவில்லை. ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கிலிருந்து நியூட்ரலுக்கு மாற்றி முயன்று பாருங்கள், கியர் லீவரில் உள்ள ஸ்விட்ச் தேய்ந்திருந்தால் இப்படி எடுக்கும். மேனுவல் என்றால் கிளட்சை அடிவரை மிதியுங்கள், பல வண்டிகளில் அங்கே ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. பட்டன் ஸ்டார்ட் வண்டியில் பிரேக்கை மிதிக்கும்போது பின்னால் பிரேக் லைட் எரிகிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். எரியவில்லை என்றால் பிரேக் மிதிக்கப்பட்டது வண்டிக்கே தெரியவில்லை, அது ஸ்டார்ட் ஆகாது. ரிமோட் சாவியின் சின்ன பேட்டரி தீர்ந்திருந்தால் சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்துங்கள், உள்ளே இருக்கும் சிப்புக்குப் பேட்டரி தேவையில்லை. சாவி திரும்பவே இல்லை என்றால் ஸ்டியரிங் லாக் இறுகியிருக்கும், ஸ்டியரிங்கை இடமும் வலமும் லேசாக ஆட்டிக்கொண்டே திருப்புங்கள்.

பியூஸ் பெட்டியில் செல்ஃபுக்கான பியூஸும், கரண்டை ஆன் ஆஃப் செய்யும் சின்னப் பெட்டியான ரிலேவும் இருக்கும், மூடியின் உள்பக்கத்தில் படம் போட்டிருப்பார்கள். ஹாரன் ரிலேவில் அச்சிட்டிருக்கும் எண்ணும் செல்ஃப் ரிலேவின் எண்ணும் ஒன்றாக இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். காசு செலவில்லாத சோதனை இது.

"டக்" என்று ஒரு தட்டல் மட்டும் வரும் வண்டியில், ஒருவர் சாவியைத் திருப்பும்போது இன்னொருவர் செல்ஃப் மோட்டாரின் உடம்பில் ஒரு மரக்கட்டையால் லேசாகத் தட்டினால் சில சமயம் எடுத்துவிடும். உள்ளே தேய்ந்துபோன கார்பன் பிரஷ் சிக்கிக்கொண்டதுதான் காரணம். சுத்தியலால் ஓங்கி அடிக்காதீர்கள், பல மோட்டார்களில் உள்ளே நிரந்தரக் காந்தம் இருக்கிறது, உடைந்துவிடும். தட்டி எடுத்தால் வீடு போய்ச் சேரலாம், ஆனால் அந்த மோட்டாரை உடனே சர்வீஸ் செய்ய வேண்டும்.

தட்டியும் பலனில்லை என்றால் இன்ஜின் சுற்றுகிறதா என்று பாருங்கள். சாவியை எடுத்துவிட்டு, நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லி (இன்ஜினின் பிரதான தண்டின் முனையில் உள்ள சக்கரம்) போல்ட்டில் நீளமான ஸ்பேனர் போட்டு இன்ஜின் ஓடும் திசையில் திருப்புங்கள். கனமாகவாவது திரும்பினால் நல்லது. அசையவே இல்லை என்றால் ஆயில் அளவைப் பாருங்கள். அப்புறம் ஆல்டர்னேட்டர் (பேட்டரியை சார்ஜ் செய்யும் ஜெனரேட்டர்), ஏசி பெல்ட்டைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை திருப்புங்கள், இறுகியது ஏசி கம்ப்ரசராகவும் இருக்கலாம்.

செல்ஃப் எடுக்கிறது, இன்ஜின் பற்றவில்லை

முதலில் டேஷ்போர்டு. சாவி படமோ பூட்டு படமோ போட்ட விளக்கு வேகமாக மின்னிக்கொண்டிருந்தால் திருட்டைத் தடுக்கும் இம்மொபைலைசர் சாவியை அடையாளம் காணவில்லை. பற்றி ஒன்றிரண்டு விநாடியில் அணைந்துபோவதும் இதன் அடையாளமாக இருக்கலாம். மாற்றுச் சாவியை எடுத்து முயலுங்கள், சாவிக்கொத்தில் வேறு சிப் வைத்த சாவி இருந்தால் அதைத் தள்ளி வையுங்கள்.

செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளையும் பாருங்கள். பல வண்டிகளில் அது 200 பக்கம் லேசாக எழும்பும். பூஜ்யத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் கிராங்க் சென்சார் மேல் சந்தேகப்படுங்கள். இன்ஜின் எந்த நிலையில் இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது இந்த சென்சார்தான், அது வாய் திறக்கவில்லை என்றால் தீப்பொறியும் வராது, பெட்ரோலும் வராது. சூடானதும் நின்றுபோய், அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகும் வண்டிகளில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த பழுது எண்களைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் கிடைத்தால் இந்தக் கட்டத்தில் போட்டுப் பாருங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் உள்ள சாக்கெட் அது. பி0335 என்றால் கிராங்க் சென்சார் சர்க்யூட், பி0340 என்றால் கேம் (வால்வுகளை அசைக்கும் தண்டு) சென்சார் சர்க்யூட், பி0087 என்றால் எரிபொருள் அழுத்தம் குறைவு. இந்த எண்கள் சர்க்யூட்டைச் சொல்கின்றன, பார்ட்டை அல்ல. எலி கடித்த வயருக்கும் பி0335 வரும், புது சென்சார் போட்டாலும் அது போகாது. கனெக்டரைக் கழற்றி, வயரைக் கையால் தடவிப் பார்த்த பிறகு சென்சாருக்குப் போங்கள்.

அடுத்து எரிபொருள். முள் சொல்வதை முழுசாக நம்ப வேண்டாம், மீட்டர் சிக்கியிருக்கலாம், மேட்டில் சாய்வாக நிறுத்தியிருந்தால் கொஞ்சம் பெட்ரோல் இருந்தும் பம்புக்கு எட்டாது. சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பி, பின் சீட் பக்கம் காது கொடுங்கள். டேங்கிலிருந்து இரண்டு விநாடி போல "ம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம் வந்து நிற்க வேண்டும். வரவில்லை என்றால் பம்பின் பியூஸ், ரிலே, அப்புறம் கனெக்டர். சில வண்டிகளில் மோதல் நேரத்தில் பெட்ரோலை நிறுத்த ஒரு ஸ்விட்ச் வைத்திருப்பார்கள், பெரிய பள்ளத்தில் இறங்கினாலும் அது விழுந்துவிடும், எங்கே இருக்கிறது என்று வண்டியின் கையேட்டில் இருக்கும், அமுக்கிவிட்டால் போதும். பம்புக்குக் கரண்ட் வருகிறது, ஆனால் ஓடவில்லை என்றால் ஒருவர் செல்ஃப் அடிக்கும்போது டேங்கின் அடியை ரப்பர் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். எடுத்தால் பம்பின் நாள் முடிந்தது என்று உறுதி.

பம்ப் சத்தம் வருவதால் அழுத்தமும் வருகிறது என்று சொல்ல முடியாது. சாதாரண இன்ஜெக்ஷன் இன்ஜினில் 3 முதல் 4 பார் வரை இருக்க வேண்டும், அதை கேஜ் போட்டுத்தான் பார்க்க முடியும். சிலிண்டருக்குள் நேரடியாகப் பீய்ச்சும் பெட்ரோல் இன்ஜினிலும் மிக உயர்ந்த அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சும் காமன் ரயில் இன்ஜினிலும் ஹை பிரஷர் லைனை நீங்கள் கழற்றவே கூடாது. அந்த அழுத்தத்தில் வரும் எரிபொருள் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

தீப்பொறியைப் பார்க்க ஸ்பார்க் டெஸ்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு பார்க்கிற பழக்கம் வேண்டாம், பிளக்குக்குக் கரண்ட் தரும் காயிலிலிருந்து வருவது பல்லாயிரம் வோல்ட். பம்ப் பியூஸைப் பிடுங்கிவிட்டுச் செய்யுங்கள், பிளக் துளையிலிருந்து வரும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். ஒரு காயில் போனால் வண்டி உதறிக்கொண்டாவது ஸ்டார்ட் ஆகும். எல்லா சிலிண்டரிலும் தீப்பொறி இல்லை என்றால் நான்கு காயிலும் ஒரே நாளில் போயிருக்காது, எல்லாவற்றுக்கும் பொதுவான பியூஸ், ரிலே, கிராங்க் சென்சார் பக்கம்தான் தேட வேண்டும்.

கழற்றிய பிளக்கை உற்றுப் பாருங்கள், அது நிறையச் சொல்லும். பல முறை செல்ஃப் அடித்த பிறகும் முனை காய்ந்து, பெட்ரோல் வாசனையே இல்லாமல் இருந்தால் எரிபொருள் வரவில்லை. முனை ஈரமாகப் பளபளத்து, மூக்கில் பெட்ரோல் ஏறினால் எரிபொருள் வருகிறது, பற்றவில்லை. அப்படியானால் தீப்பொறி இல்லை, அல்லது பெட்ரோல் அளவுக்கு மீறிப் போய் ஓவர்ஃப்ளோ ஆகிவிட்டது. ஓவர்ஃப்ளோ என்றால் ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்து வைத்துக்கொண்டே 5 முதல் 10 விநாடி செல்ஃப் அடியுங்கள். பல இன்ஜெக்ஷன் வண்டிகளில் இப்படி மிதித்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும், காற்று மட்டும் போய் சிலிண்டர் காயும். பற்றத் தொடங்கியதும் காலை மெல்ல எடுங்கள்.

காற்று காரணமாக வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போவது குறைவு. ஏர் ஃபில்டரில் எலிக்கூடு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஆக்சிலேட்டரைக் கால்வாசி மிதித்தால் பற்றி, காலை எடுத்ததும் அணைகிறது என்றால் த்ராட்டில் பாடியில் கரி அடைத்திருக்கிறது, சுத்தம் செய்தால் போதும்.

கடைசியாகக் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் கொடுக்கும் அழுத்தம். முன்னால் சொன்ன "விர்ர்" சத்தம் இதற்குத்தான். டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வுகள் அசைவதை நிறுத்திவிடும், எதிர்ப்பு இல்லாமல் இன்ஜின் லேசாகச் சுற்றும். பல இன்ஜின்களில் பிஸ்டனும் வால்வும் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன, பெல்ட் இல்லாமல் நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு செல்ஃபும் இன்னொரு வால்வை வளைக்கலாம். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் சில இன்ஜின்களில் கேம் ஷாஃப்ட் தெரியும். மேலே சொன்ன மாதிரி கிராங்க் புல்லியை ஸ்பேனரால் மெதுவாகத் திருப்பும்போது கேமும் கூடவே திரும்ப வேண்டும். திரும்பவில்லையா, அங்கேயே நிறுத்திவிடுங்கள். கேம் திரும்புகிறது, சந்தேகம் தீரவில்லை என்றால் கம்ப்ரஷன் கேஜ். பெட்ரோல் இன்ஜினில் பெரும்பாலும் 10 முதல் 13 பார் வரை வரும். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்கும்போது ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறவில்லை என்றால் வால்வு.

டீசல் என்றால்

குளிர்ந்த இன்ஜினில் சுருள் கம்பி போன்ற மஞ்சள் விளக்கு அணையும்வரை காத்திருந்து செல்ஃப் அடியுங்கள். ஹீட்டர் பிளக் சூடாகும் நேரம் அது. டீசலுக்குச் சுற்றும் வேகமும் முக்கியம், மெதுவாகச் சுற்றினால் பற்றும் அளவுக்குச் சூடு வராது, அதனால் பெட்ரோல் வண்டிக்குப் போதுமான பேட்டரி இங்கே போதாது.

செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரைப் பாருங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை. ஹீட்டர் பிளக் அல்லது கம்ப்ரஷன் பக்கம் பாருங்கள். புகையே இல்லை என்றால் டீசல் போகவில்லை. டேங்க் காலியாகி நிரப்பிய பிறகோ, ஃபில்டர் மாற்றிய பிறகோ இப்படி ஆனால் லைனில் ஏர் பிடித்திருக்கிறது. கைப் பம்ப் இருந்தால் அது கெட்டியாகும்வரை அமுக்குங்கள், ஃபில்டர் மேல் உள்ள ஏர் ஸ்குரூவை லேசாகத் தளர்த்தினால் நுரை நுரையாக வரும், குமிழ் நின்று சுத்தமான டீசல் வந்ததும் இறுக்குங்கள். ஃபில்டரின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தால் அதையும் திறந்து விடுங்கள். கடும் குளிரில் டீசலில் மெழுகு உறைந்து ஃபில்டரை அடைத்துக்கொள்ளும், சூடான இடத்துக்கு வண்டியைத் தள்ளி வைப்பதைத் தவிர அந்த நேரத்தில் வேறு வழி குறைவு.

ஈதர் கலந்த ஸ்டார்ட்டிங் ஸ்பிரேயை ஹீட்டர் பிளக் உள்ள டீசலில் அடிக்காதீர்கள். சூடான பிளக்கில் பட்டு நேரம் கெட்டு வெடித்து, பிஸ்டனையே உடைத்துவிடும்.

பைக், ஸ்கூட்டர்

முதலில் கில் ஸ்விட்ச், தெரியாமல் கை பட்டிருக்கும். அடுத்து சைடு ஸ்டாண்ட், கிளட்ச் லீவர், நியூட்ரல் விளக்கு. வண்டி கீழே விழுந்து எழுந்த பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் சாவியை முழுசாக அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள், சாய்வு சென்சார் இன்ஜெக்ஷனை நிறுத்தி வைத்திருக்கும்.

கார்பரேட்டர் வண்டியில் பெட்ரோல் காக்கை ரிசர்வுக்குத் திருப்புங்கள், குளிர்ந்த இன்ஜின் என்றால் சோக் போடுங்கள், சூடான இன்ஜினுக்கு சோக் போட்டால் ஓவர்ஃப்ளோதான் ஆகும். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் கார்பரேட்டரின் அடிக்கிண்ணத்தில் உள்ள டிரெயின் ஸ்குரூவைத் திறந்து பழைய பெட்ரோலை ஒரு பாட்டிலில் பிடியுங்கள். பழுப்பாக, வார்னிஷ் வாசனையோடு வந்தால் ஜெட் அடைத்திருக்கும், கார்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் அது ஓடாது. ஒன்றுமே வரவில்லை என்றால் காக்கோ டியூபோ அடைப்பு. கிக்கரைக் கையால் அழுத்தும்போது நல்ல எதிர்ப்பு இருக்க வேண்டும், தொளதொளவென்று போனால் கம்ப்ரஷன் இல்லை.

மெக்கானிக்கைக் கூப்பிடும்போது

"வண்டி ஸ்டார்ட் ஆகலை" என்று மட்டும் சொன்னால் அவரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். செல்ஃப் எடுக்கிறதா, என்ன சத்தம், பேட்டரி எத்தனை வோல்ட், செல்ஃப் அடிக்கும்போது எத்தனைக்கு இறங்குகிறது, பம்ப் ரீங்காரம் வருகிறதா, டேஷ்போர்டில் எந்த விளக்கு, சூட்டில் நின்றதா குளிரில் நின்றதா, கடைசியாக என்ன வேலை பார்த்தது என்று சொல்லுங்கள். ஒரு பார்ட்டை மாற்றச் சொன்னால் அது போய்விட்டது என்று எந்தச் சோதனையில் தெரிந்தது என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார், மீட்டரை எடுத்துக் காட்டுவார்.

ஸ்டார்ட் ஆகிவிட்டது, அப்புறம்?

பேட்டரி இறங்கித்தான் நின்றது என்றால் ஏன் இறங்கியது என்று தெரியாமல் விடாதீர்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் அளந்தால் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். 12 சொச்சத்திலேயே நின்றால் ஆல்டர்னேட்டரோ அதன் பெல்ட்டோ வேலை செய்யவில்லை, வண்டி பேட்டரியைத் தின்றுகொண்டு ஓடுகிறது, வழியில் நிற்கும். சில புது வண்டிகளில் சார்ஜை கம்ப்யூட்டரே கூட்டிக் குறைக்கும், அவற்றில் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு அளந்து பாருங்கள்.

சார்ஜ் சரியாக வந்தும் காலையில் பேட்டரி இறங்கியிருந்தால் நிற்கும் வண்டியில் எதுவோ கரண்டை இழுக்கிறது. நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வையுங்கள். இந்த நிலையில் சாவியைத் திருப்பவே கூடாது, மீட்டரின் பியூஸ் போய்விடும். எல்லாக் கதவையும் மூடி, சாவியைத் தள்ளி வைத்துவிட்டு, அரை மணி நேரத்துக்கு மேல் விடுங்கள், வண்டியில் உள்ள கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகத் தூங்கப்போக அவ்வளவு நேரம் ஆகும். 50 மில்லிஆம்பியருக்குள் வந்தால் சரி. அதற்கு மேல் என்றால் பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள், எதைப் பிடுங்கும்போது எண் சட்டென்று விழுகிறதோ அந்த சர்க்யூட்டில்தான் திருடன். வண்டி வாங்கிய பிறகு பொருத்திய ஆடியோ, ஜிபிஎஸ் டிராக்கர், அணையாத டிக்கி விளக்கு, ஒட்டிக்கொண்ட ரிலே ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

50 மில்லிஆம்பியர் இழுத்தாலே நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர் அவர் போகும். 45 ஆம்பியர் அவர் பேட்டரி மூன்று வாரத்துக்குள் பாதியாகிவிடும். ஆகவே வண்டியை வாரக்கணக்கில் நிறுத்திவிட்டு ஊருக்குப் போகிறவர்கள் நெகட்டிவைக் கழற்றி வைத்துவிடுங்கள், அல்லது தானாக நின்று நின்று சார்ஜ் செய்யும் சின்ன சார்ஜரை மாட்டி வையுங்கள்.